மந்த இணைப்பை அறியும் விதம்

தலைமையகத்திலிருந்தே கிளைக் கணினிகள் யாவற்றிலும் மென்பொருள்களைத் தாமாக நிறுவச் செய்தல் இன்று பெருவழக்காயுள்ளது. இதன்கண் எழும் இடர் யாதெனின், கிளைகள் எல்லாம் ஒரே வேகமுடைய இணைப்பினால் பிணைக்கப்படாமையே. மந்த இணைப்பினூடே பெருங்கோப்புகளை அனுப்பின் கிளையின் அன்றாட அலுவல் முடங்கும். விரைவான இணைப்பை மந்தமெனப் பிழைபடக் கொள்ளின், வேண்டிய மென்பொருள் அங்குச் சென்றடையாது.

2000ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 2000, தன் குழுக்கொள்கை என்னும் விதித்தொகுதியைச் செயற்படுத்துமுன் இணைப்பினை அளந்த முறை எளிது, ஆயினும் நுட்பமுடையது. கணினி முதலில் வெற்றுச் செய்தியொன்றைச் சேவையகத்துக்கு அனுப்பும். மறுமொழி 10 மில்லிச்செக்கனுக்குள் வரின் இணைப்பு விரைவானதே. சோதனை அத்துடன் முடியும். இல்லையேல் 2,048 பைற்று அளவான செய்தியொன்று செல்லும். இரண்டிற்குமிடையிலான கால வேறுபாடே சுமையைக் கொண்டுசெல்ல ஆன காலமாகும்; தொலைவினால் உண்டாகும் தாமதம் இரண்டிற்கும் பொதுவாதலின் கழிந்துவிடும். இவ்வாறு மும்முறை அளந்து சராசரி காணப்படும். சென்றுமீளும் சுமை 32,768 பிற்று. வேறுபாடு 131 மில்லிச்செக்கன் எனின், வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 250 கிலோபிற்று. வழமையான எல்லை 500 ஆதலின் இது மந்த இணைப்பெனத் தீர்க்கப்படும். மென்பொருள் நிறுவல் தவிர்க்கப்படும். பாதுகாப்பு விதிகளோ எவ்விணைப்பிலும் செல்லும்.

எனினும் குறையொன்றிருந்தது. தீச்சுவர்கள் சில, காவல் கருதி இத்தகைய சோதனைச் செய்திகளைத் தடுத்தன. மறுமொழி வாராதபோது கணினி அதனை மந்த இணைப்பெனக் கொண்டு அமையவில்லை. விதிகளைப் பெறுதலையே கைவிட்டது. வழி பழுதின்றியிருந்தும் வினா அடைபட்டமையால் விளைந்த விபரீதம் இது. 2007இல் பொதுப்பயனுக்கு வந்த விண்டோஸ் விஸ்ராவில் இச்சோதனை கைவிடப்பட்டு, வலையமைப்பின் நிலையை அறியும் தனிச்சேவையொன்றிடம் இப்பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது.