சுற்றிப் போன பேர் கின்ட்



இப்சனின் ‘பேர் கின்ட்’ நாடகத்தைப் பாடசாலையில் படித்திருப்பீர்கள். 1867இல் நூலாக வந்து, 1876இல் நம் ஒஸ்லோவில் முதன்முதலாக மேடையேறியது. அன்று இந்த நகரத்தின் பெயர் கிறிஸ்தியானியா.

பேர் ஒரு கிராமத்து விவசாயியின் மகன். கலியாண வீட்டிலிருந்து மணப்பெண்ணை மலைக்குத் தூக்கிச் சென்று, மறுநாளே கைவிடுகிறான். பிறகு இருட்டில் ஒரு பூதம் அவனை வழிமறித்து, சுற்றிப் போகச் சொல்கிறது. அவனும் வாழ்நாள் முழுக்கத் தன் குற்றங்களைச் சுற்றியே போகிறான். அடிமைகளை விற்றுப் பணம் சேர்க்கிறான். சீனாவுக்கு விக்கிரகங்களை அனுப்புகிறான். அதை ஈடுகட்ட மிஷனரிமாரையும் அனுப்புகிறான்! முதுமையில்தான், தன்னைக் காத்திருந்த சூல்வெய்யின் குடிசைக்குள் நேராகப் போகத் துணிகிறான். அப்போதும் தன் பாவத்தை அவளே சொல்லட்டும் என்று கேட்கிறான்.

எனக்கும் அந்தப் பூதத்தைத் தெரியும். ஓர் இரவு வேலையில் ஒரு நோயாளிக்கு அன்டிபயோட்டிக் மருந்தை இரண்டு மணித்தியாலம் பிந்திக் கொடுத்தேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நேரத்தை மாற்றிப் பதிந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. விடியும்வரை மனம் அதையே நினைத்தது. காலையில் பொறுப்பாளரிடம் சொல்லி, ‘ஆவ்விக்’ அறிக்கை எழுதினேன். எழுத ஐந்து நிமிடம்தான் எடுத்தது. சொல்லத் துணியத்தான் ஓர் இரவு முழுவதும் பிடித்தது.

இப்சனின் காலத்திலேயே, 1886இல், ரஷ்யாவின் டால்ஸ்டாய் ‘இருளின் வல்லமை’ என்ற நாடகத்தை எழுதினார். அதில் வரும் பண்ணையாள் நிக்கீத்தா, பேரைவிடக் கொடிய பாவி. தனக்குப் பிறந்த சிசுவையே நிலவறையில் கொன்று புதைத்தவன். அதுவும் ஒரு கலியாண வீட்டில்தான் முடிகிறது. ஊரார் முன்னே முழந்தாளிட்டு எல்லாவற்றையும் தன் வாயால் சொல்கிறான். அவனைக் கட்டிக் கொண்டுபோகிறார்கள். ஆனால் அவனுடைய ஏழைத் தகப்பன் அக்கீம் மகிழ்கிறார். மகன் தண்டனைக்குப் போகிறான் என்று தெரிந்தும், அவன் தேவனிடம் திரும்பியதை அவர் காண்கிறார்.

பாவத்தை மறைக்கிறவனுக்கு வாழ்வில்லை, அறிக்கையிட்டு விட்டுவிடுகிறவனுக்கு இரக்கம் உண்டு என்பதே நீதிமொழிகள் 28:13 சொல்லும் செய்தி. அறிக்கையிட்டால் தண்டனை வராது என்று அந்த வசனம் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள்.

அம்மாவிடமோ நண்பனிடமோ சொல்லாமல் நீங்கள் சுற்றிப் போகிற விஷயம் ஏதும் உண்டா? இந்த வாரமே நேராகப் போய்ச் சொல்லுங்கள். தனியே போகப் பயமென்றால் என்னிடம் வாருங்கள், சேர்ந்து போவோம்.