மாமாவின் ரிவால்வரும் ஒரு வருட வாரண்டியும்

நம் சங்க மலரில் சமையல் வரும், கோயில் வரலாறு வரும். ரிவால்வர் வந்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் ஊரில் தோட்டம் துரவோடு தனியாக இருக்கும் பெரியவர்கள் சிலர் வீட்டு பீரோவில் லைசென்ஸ் துப்பாக்கி ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதில் பழுது வந்தால் யாரிடம் போவது என்று வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. ஆகவே இதை எழுதுகிறேன்.

என் தாய்மாமா பட்டாளத்தில் இருந்தவர். சித்தூருக்கும் பலமநேருக்கும் நடுவே பங்காருபாளையம் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிறார். எல்லாம் தோத்தாபுரி. அத்தை காலமான பிறகு தோப்பு வீட்டில் ஒற்றை ஆள். பிள்ளைகள் இருவரும் கடல் கடந்தவர்கள். 2024 ஜனவரியில் திருப்பதி டீலர் ஒருவர் மூலம் புது ரிவால்வர் வாங்கினார். கௌண்டின்யா சரணாலயத்து யானைகள் அந்தப் பக்கத் தோட்டங்களில் இறங்குவது எல்லோருக்கும் தெரியும். "யானைக்கா மாமா?" என்று கேட்டேன்.

"போடா, யானைக்கு இது கொசுக்கடி. அதைச் சுட்டா 1972 சட்டப்படி உள்ளே போகணும். இது மனுஷனுக்கு. அதுவும் காட்டறதுக்கு" என்றார்.

பட்டாளத்தில் பார்த்த .38 மாதிரிப் பெரிய குழலாக வேண்டும் என்பது அவர் ஆசை. அது தடை செய்யப்பட்ட ரகம், சாதாரணக் குடிமகனுக்கு.32 தான். சுற்றளவில் நம் சுண்டுவிரலை விடச் சிறிய குண்டு, ஆறு அறை கொண்ட சிலிண்டர்.

வாங்கிய இரண்டே மாதத்தில், மார்ச் 16 அன்று, தேர்தல் அறிவிப்பு வந்தது. ஆந்திரத்தில் சட்டசபைக்கும் பாராளுமன்றத்துக்கும் சேர்த்து மே 13 வாக்குப்பதிவு. லைசென்ஸ் ஆயுதங்களை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னார்கள். ஜூன் 4 ஓட்டு எண்ணி முடிந்த பிறகுதான் ரிவால்வர் வீடு வந்தது. பிறகு மாங்காய் சீசன். ஆக, அனுமதி பெற்ற சுடுதளத்தில் அவர் முதன்முதலாகச் சுட்டுப் பார்த்தது ஆகஸ்டில். வாரண்டி ஒரு வருடம். பாதிக்கு மேல் ஸ்டேஷன் பெட்டியிலும் வீட்டுப் பீரோவிலும் கழிந்துவிட்டது.

ஆறு குண்டு சுட்டார். சிலிண்டரைத் திறந்து கம்பியை அழுத்தினால் ஆறு காலிக் கூடுகளும் சேர்ந்து விழ வேண்டும். கம்பி பாதியில் நின்றுவிட்டது. ஆபத்து நேரத்தில் இப்படி ஆனால் அடுத்த ஆறு தோட்டாவைப் போட முடியாது. கையில் இருப்பது வெறும் இரும்பு. மாமா உலக்கை தேடியிருப்பார். நான் போனில், "கம்பியைத் தட்டாதீங்க, வளைஞ்சிடும். உயிருள்ள தோட்டா எதுவும் இல்லைன்னு முதல்ல பாருங்க, அப்புறம் முன்பக்கமா மரக்குச்சியால ஒண்ணொண்ணா தள்ளுங்க" என்றேன்.

புனேயில் டூல் ரூம் வேலை பார்ப்பவன் நான். துளை போடுவதும் அதை மழுக்குவதும்தான் என் பிழைப்பு. தோட்டாக் கூடு பித்தளை. வெடிக்கும்போது உப்பி அறைச் சுவரில் அழுந்தும். அழுத்தம் போனதும் கொஞ்சம் சுருங்கும். சுவர் வழவழப்பாக இருந்தால் வழுக்கி வந்துவிடும். ரீமர் விட்ட வரிகள் சுவரில் இருந்தால் பித்தளை அதற்குள் புகுந்து பிடித்துக்கொள்ளும், கீறல் விழுந்த இட்லித் தட்டில் மாவு பிடிப்பது போல. அழுக்கும் காரணமாகலாம். நீளம் குறைந்த தோட்டாவை அதே அறையில் சுட்டால் அதன் முன்னால் கரி வளையம் படியும். பிறகு நீளமான தோட்டா அங்கே சிக்கும். தோட்டாவிலேயே மருந்து வேகம் அதிகமானாலும் இப்படி ஆகும்.

எது என்று கண்டுபிடிக்க அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போனேன். அறைகளுக்கு மார்க்கரால் 1 முதல் 6 வரை எண் போட்டோம். ஒரே பெட்டித் தோட்டா, மூன்று சுற்று. மூன்றிலும் 2, 5 அறைகள் மட்டும் பிடித்தன. வெண்கல பிரஷ்ஷால் சுத்தம் செய்து மறுபடி சுட்டோம், அதே இரண்டு. தோட்டாவின் கோளாறு என்றால் ஆறும் பிடித்திருக்கும். அந்த இரண்டு அறைக் கூடுகளில் மட்டும் மோதிரம் போலக் கீறல். எண் எழுதிய கவரில் தனித்தனியாகப் போட்டு வைத்தோம்.

"புதுசு சார், நாலு தடவை சுட்டா சரியாகும். கொஞ்சம் எண்ணெய் விடுங்க" என்றார் டீலர். எண்ணெய் வைத்தியம் வேண்டவே வேண்டாம். அறையில் எண்ணெய் இருந்தால் கூடு சுவரைப் பிடிக்காமல் பின்பக்கம் மோதும். தோட்டாவின் அடிமருந்திலும் ஊறும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் யோசனையும் ஒருவர் சொன்னார். வாரண்டி போவது ஒருபுறம் இருக்க, ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி லைசென்ஸ் இல்லாதவர் துப்பாக்கி பழுது பார்ப்பதே குற்றம்.

டீலருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் எழுதினோம். பில் நகல், லைசென்ஸ் நகல், ஸ்டேஷனில் ஒப்படைத்த ரசீது, எண் போட்ட கூடுகளின் போட்டோ எல்லாம் சேர்த்து. கடைசி வரியில், நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருடம் அவகாசம் உண்டு என்று நினைவூட்டினோம். 2019 சட்டப்படி, புகார் செய்பவர் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை உள்ள பொருளுக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணமும் இல்லை. கிரைண்டருக்கும் ஃபிரிட்ஜுக்கும் இதே சட்டம்தான் என்பதால் சொல்கிறேன்.

பத்து நாளில் டீலரின் குரல் மாறியது. துப்பாக்கியை நாமே பார்சலில் போட முடியாது. டீலர்தான் தன் லைசென்ஸில் தொழிற்சாலைக்கு அனுப்ப வேண்டும். ஒப்படைத்ததற்கு வரிசை எண் போட்ட ரசீது வாங்காமல் மாமா கடையை விட்டு நகரவில்லை. பட்டாளத்துப் பழக்கம். இன்னொன்றையும் கேட்டு எழுதி வாங்கினோம்: துப்பாக்கியையே மாற்றிக் கொடுத்தால் எண் மாறும், லைசென்ஸிலும் திருத்த வேண்டும், ஆகவே முதலில் அறைகளைச் சரி செய்து பார்க்கட்டும் என்று.

நான்கு மாதம் ஆயிற்று. அந்த நான்கு மாதமும் மாமா இரவில் தோப்பு வீட்டு விளக்கை அணைக்கவில்லை என்று பக்கத்து நிலத்துக்காரர் பிறகு சொன்னார். மாமா சொல்லவில்லை.

இதற்கிடையில் அவருக்கு 70 வயது முடிந்தது. 2016 விதிகளின்படி 70 ஆனவர் தம் வாரிசுக்கு லைசென்ஸ் கேட்க வழியுண்டு. மகனிடம் போனில் கேட்டார். "எனக்கு எதுக்குப்பா அது?" என்றான். அவன் சொன்னதும் நியாயம்தான். ஆனால் லைசென்ஸ்காரர் காலமானால் துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. தாமதிக்காமல் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள டீலரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்பதை அவனுக்கு எழுதி அனுப்பினேன். லைசென்ஸ் புத்தகம் எங்கே இருக்கிறது என்பதையும்.

2025 பிப்ரவரியில் ரிவால்வர் வந்தது, அதே எண்ணோடு. இரண்டு அறைகளும் கண்ணாடி போல இருந்தன. மாமா ஆறு குண்டு சுட்டுச் சிலிண்டரைத் திறந்து சாய்த்தார். ஆறு கூடும் தரையில் விழுந்தன. குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி எண்ணிப் பார்த்துவிட்டு, "இப்ப அந்த டீலருக்கு ஒரு கூடை மாங்காய் அனுப்பணும்டா, சீசன் வரட்டும்" என்றார்.