பிள்ளைத்தாய்ச்சியின் உறக்கம்

கிள்ளானுக்குத் தெற்கே, லங்காட் ஆறு கடலோடு சேரும் இடத்தில் இருக்கிறது கேரி தீவு. எட்வர்ட் வாலண்டைன் கேரி என்ற ஆங்கிலேயத் தோட்டக்காரரின் பெயரைத் தாங்கி நிற்கும் தீவு அது. முதலில் ரப்பர், பிறகு செம்பனை என்று பயிர்கள் மாறின. நம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்தன. இன்று பலர் தீவை விட்டு வெளியேறி, பந்திங், கிள்ளான், ஷா ஆலம் பக்கம் தொழிற்சாலை வேலைக்குப் போகிறார்கள். பயிர் மாறியது, வேலை மாறியது. ஆனால் ஒரு பழக்கம் மட்டும் மாறவே இல்லை. வீட்டுப் பெண் எல்லாருக்கும் முன்னே எழுகிறாள். எல்லாருக்கும் பின்னே படுக்கிறாள். வயிற்றில் பிள்ளை இருக்கும்போதும் அப்படித்தான். அந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

ஒரு வீட்டை நினைத்துக்கொள்வோம். மருமகளுக்கு ஏழு மாதம். கணவர் பெரட்டுக்குப் போக வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வேண்டும். அவள் காலை 4 மணிக்கு அடுப்பைப் பற்றவைக்கிறாள். இரவு பாத்திரம் கழுவி, துணி மடித்து, தொலைக்காட்சிச் சத்தம் ஓய்ந்து, அவள் தலை சாயும்போது மணி 11. இடையில் இருப்பது ஐந்தே மணி நேரம். அதிலும் சிறுநீர் கழிக்க இரண்டு முறை எழுகிறாள். ஒருமுறை கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது. கணக்குப் பார்த்தால் நான்கு மணி நேரம்கூட நல்ல உறக்கம் இல்லை. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 7 மணி நேரத்துக்குக் குறையாமல் உறக்கம் வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் அளவு. இரண்டு உயிரைச் சுமப்பவளுக்கு அதில் பாதிதான் கிடைக்கிறது.

கருவுற்றவள் பகலில் சற்றுக் கண்ணயர்ந்தால், "சோம்பேறி" என்று சொல்லிவிடுகிறோம். "படுத்தே கிடந்தால் பிரசவம் கஷ்டமாகும்" என்று மிரட்டுகிறோம். உண்மை என்ன? கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் உடலில் சுரக்கும் ஒருவகைச் சுரப்பு நீரே தூக்கத்தை வரவழைக்கிறது. நாள் ஆக ஆக, தாயின் உடலில் ஓடும் இரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி அளவுக்குக் கூடுகிறது. அவ்வளவு இரத்தத்தையும் அந்த ஒரே இதயம்தான் இறைத்துத் தள்ள வேண்டும். கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாலும் அவள் உடல் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. ஆகவே அவளுடைய களைப்பு சோம்பல் அல்ல.

உறக்கம் குறைந்தால் என்ன ஆகும்? கர்ப்பகாலத்தில் குறைவாக உறங்கும் தாய்மார்களிடம் சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் அதிகமாகக் காணப்படுகின்றன. 2004-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு, தலைப்பிரசவத் தாய்மார்களின் உறக்கத்தைக் கணக்கெடுத்தது. இரவில் 6 மணி நேரத்துக்கும் குறைவாக உறங்கியவர்களுக்குப் பிரசவ வலி நீண்டது. அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டதும் அவர்களிடையே பல மடங்கு அதிகம். உறக்கம் ஒன்றே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் களைத்துப்போன உடலோடு பிரசவ அறைக்குள் போவது நல்லதல்ல என்பதை நாம் புரிந்துகொள்ளலாம்.

அடுத்து, எப்படிப் படுப்பது? இதை ஒவ்வொரு வீடும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஏழாம் மாதம், அதாவது 28 வாரம் ஆன பிறகு, மல்லாந்து படுத்து உறங்கக் கூடாது. முதுகெலும்பை ஒட்டி, காலிலிருந்தும் இடுப்பிலிருந்தும் இரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுபோகும் பெரிய குழாய் ஒன்று இருக்கிறது. மல்லாந்து படுத்தால் கனத்த கருப்பை அதன்மேல் அமர்ந்து அழுத்துகிறது. இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது. அதனால் பிள்ளைக்குப் போகும் இரத்தமும் குறைகிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வு இதைச் சுட்டிக்காட்டியது. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2019-இல் வெளிவந்த மற்றோர் அறிக்கை, கடைசி மாதங்களில் மல்லாந்து உறங்கப் போகிறவர்களுக்குப் பிள்ளை வயிற்றிலேயே இறந்துபோகும் ஆபத்து இரண்டரை மடங்குக்கு மேல் என்று கண்டது. அப்படி நேர்வது அரிதுதான். ஆயினும், காசு செலவில்லாமல் தவிர்க்கக்கூடிய ஆபத்தை ஏன் தவிர்க்காமல் விட வேண்டும்?

ஒருக்களித்துப் படுங்கள். இடப்பக்கமும் ஆகும், வலப்பக்கமும் ஆகும். முதுகுக்குப் பின்னால் பழைய கைலியையோ போர்வையையோ சுருட்டி வைத்துக்கொண்டால் உடல் மல்லாந்து சரியாது. முழங்கால்களுக்கு இடையே ஒரு தலையணை இருந்தால் இடுப்பு வலி குறையும். நடு இரவில் விழிக்கும்போது மல்லாந்திருக்கிறீர்களா? பயப்பட வேண்டாம், மறுபடி ஒருக்களித்துப் படுத்தால் போதும்.

"படுத்தபடியே புரளாதே, எழுந்து உட்கார்ந்து திரும்பிப் படு, இல்லாவிட்டால் கொடி பிள்ளையின் கழுத்தைச் சுற்றிக்கொள்ளும்" என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். கொடி சுற்றுவது தாய் புரள்வதால் அல்ல. தண்ணீர்க்குடத்துக்குள் பிள்ளை தானே நீந்தித் திரும்பும்போது அது நேர்கிறது; பெரும்பாலும் தீங்கில்லாமல் பிரசவமும் ஆகிவிடுகிறது. இந்த அச்சத்தால் இரவெல்லாம் அசையாமல் மல்லாந்தே கிடந்தால், இல்லாத ஆபத்துக்குப் பயந்து இருக்கிற ஆபத்தைத் தேடிக்கொண்டது போலாகும். அதே பாட்டிமார் "ஒருக்களித்துப் படு" என்று சொன்னதும் உண்டு. அந்தச் சொல்லை அப்படியே ஏற்றுக்கொள்வோம்.

உறக்கத்தைக் கெடுப்பவற்றுக்கும் வழி உண்டு. நெஞ்செரிச்சலா? இரவுச் சாப்பாட்டைப் படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே முடித்துக்கொள்ளுங்கள். தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்துங்கள். அடிக்கடி சிறுநீரா? பகலில் தாராளமாகத் தண்ணீர் குடித்து, படுக்கப் போகும் நேரத்தில் குறைத்துக்கொள்ளுங்கள். இரவில் கால் குடைச்சலா? அது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமாகவும் இருக்கலாம், தாதியிடம் சொல்லுங்கள். இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்கினால் சத்து உடலில் சேராது. எலுமிச்சைச் சாறு, கொய்யாப்பழம் இவற்றோடு சாப்பிடுங்கள். தேநீரை ஓரிரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். கெட்டிப்பால் ஊற்றிய தேநீரும் காப்பியும் மாலைக்குப் பிறகு வேண்டாம். உறக்கமும் கெடும், சர்க்கரையும் ஏறும். பகலில் கண்ணயரும்போதும் கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள். டெங்கிக் கொசு பகலில்தான் அதிகம் கடிக்கும். உறக்க மாத்திரையோ கடையில் விற்கும் வேர் மருந்தோ தாதியையோ மருத்துவரையோ கேட்காமல் எடுக்கக் கூடாது.

வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் இந்த மாதங்களில் விட்டுவிடுங்கள். புகையிலை பிள்ளையின் எடையைக் குறைக்கும். மது ஒரு மிடறும் வேண்டாம். கணவன்மார்களே, நீங்கள் வீட்டுக்குள் பிடிக்கும் சிகரெட்டின் புகையும் அவள் மூச்சுக்குள்தான் போகிறது. நீங்கள் குடித்துவிட்டு வந்து சத்தம் போடும் இரவில் அவள் உறங்குவதில்லை.

வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மருந்தடிப்பு வேலை கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் ஆகாது. பாராகுவாட் என்னும் கொடிய களைக்கொல்லியை நம் நாடு 2020 ஜனவரி 1 முதல் தடை செய்துவிட்டது. மற்ற மருந்துகளும் தொடக்கூடியவை அல்ல. கருவுற்றது தெரிந்த அன்றே மேற்பார்வையாளரிடம் சொல்லி வேறு வேலை கேளுங்கள். தொழிற்சாலையில் இரவு நேர வேலை செய்பவர்களும் கவனிக்க வேண்டும். டென்மார்க்கில் 22,000-க்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளைப் பார்த்த 2019-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, எட்டு வாரத்துக்குப் பிறகு, ஒரே வாரத்தில் இரண்டு இரவோ அதற்கு மேலோ வேலை செய்தவர்களுக்கு அடுத்த வாரம் கருச்சிதைவு ஆபத்து கூடியதைக் கண்டது. முடிந்தவரை பகல் நேர வேலைக்கு மாற்றிக் கேளுங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டாம். 2023 ஜனவரி 1 முதல் பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்திருக்கிறது. பிரசவத்துக்கு 30 நாள் முன்பிருந்தே அதை எடுக்கலாம். கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையிலிருந்து நீக்குவதையும் சட்டம் தடுக்கிறது.

நம் நாட்டில் 1957-ஆம் ஆண்டில், ஒரு லட்சம் பிரசவங்களுக்கு ஏறக்குறைய 280 தாய்மார்கள் உயிரிழந்தார்கள். 2000-ஆம் ஆண்டுகளில் அது 30-ஐ ஒட்டி இறங்கிவிட்டது. பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளும், கிராமத்துக் கிளினிக்குகளும், மருத்துவமனைப் பிரசவமும் செய்த சாதனை அது. ஆனால் எந்தத் தாதியும் விடியற்காலை 4 மணிக்கு நம் வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டிக் கொடுக்க முடியாது. அதை வீட்டில் உள்ளவர்கள்தான் செய்ய வேண்டும்.

காலைச் சோற்றைக் கணவர் வடிக்கட்டும். பெரிய பிள்ளைகள் இரவுப் பாத்திரத்தைக் கழுவட்டும். மாமியார் ஒருவேளை சமையலை ஏற்றுக்கொள்ளட்டும். இரவு 9 மணிக்குத் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறையுங்கள். காலையில் ஒரு மணி நேரம், இரவில் ஒரு மணி நேரம். இப்படி நாளுக்கு இரண்டு மணி நேரம் அவளுக்குக் கிடைத்தால், ஐந்து மணி உறக்கம் ஏழாகிவிடும். பகலுணவுக்குப் பின் அரைமணி நேரம் படுக்கவிட்டால் இன்னும் நல்லது. அதற்காக நாள் முழுவதும் படுத்திருக்கச் சொல்லவில்லை. மாலை வெயில் தாழ்ந்தபின் மெதுவான நடை நல்லது. அது இரவு உறக்கத்துக்கும் உதவும்.

கடைசியாக, வீட்டில் எல்லாரும் நினைவில் வைக்க வேண்டிய அடையாளங்கள். புதிதாகப் பலத்த குறட்டை வந்தால் தாதியிடம் சொல்லுங்கள். விடாத தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் வீங்குதல், இரத்தப்போக்கு, நீர்க்குடம் உடைதல் இவற்றில் எது கண்டாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். 28 வாரத்துக்குப் பிறகு பிள்ளையின் அசைவைக் காலை 9 மணி முதல் எண்ணுங்கள். இரவு 9 மணிக்குள் 10 அசைவு வர வேண்டும். வராவிட்டால் அன்றிரவே போக வேண்டும். அதற்கு முன்பே அசைவு குறைந்ததாகத் தோன்றினாலும் போகலாம். யாரும் கடிந்துகொள்ள மாட்டார்கள். கிளினிக்கில் தரும் கர்ப்பகாலப் புத்தகத்தில் ஒட்டியிருக்கும் நிறத்தைக் கணவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சிவப்பு என்றால் உடனே மருத்துவமனை என்று பொருள். தீவிலிருந்து பாலம் கடந்து போக வேண்டியவர்கள், இரவில் கூப்பிட்டால் வண்டி எடுக்கக்கூடியவர் யார் என்பதை ஏழாம் மாதத்திலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

வளைகாப்பன்று பிள்ளைத்தாய்ச்சிக்கு வளையல் அடுக்கி, சித்திரான்னம் ஊட்டி, வாயார வாழ்த்துகிறோம். மறுநாள் காலை 4 மணிக்கு அவளையே அடுப்படிக்கு அனுப்பிவிடுகிறோம். இனி அன்றைய வாழ்த்தோடு இரண்டு மணி நேர உறக்கத்தையும் சேர்த்துக் கொடுப்போம். தாய் உறங்கினால் சேய் வளரும்.