தெளிந்த நீரில் ஒளிந்த நஞ்சு

தண்ணீரில் கரைந்த பூச்சிமருந்து கண்ணுக்குத் தெரியாது. இந்தியாவில் பாட்டில் குடிநீரில் எந்த ஒரு பூச்சிமருந்தும் லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. அதாவது, பத்தாயிரம் லிட்டர் கொள்ளும் ஆயிரம் தண்ணீர் லாரிகளுக்கு ஒரே ஒரு கிராம்!

இதை எப்படி அளக்கிறார்கள்? மாதிரி நீரில் கரைப்பானைச் சேர்த்துக் குலுக்கினால், மருந்து கரைப்பானுக்கு மாறிவிடும். அதைச் செறிவாக்கி, வாயு நிறப்பகுப்புக் கருவிக்குள் செலுத்துவார்கள். அங்கே, 1957-இல் பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜேம்ஸ் லவ்லாக் உருவாக்கிய உணர்கருவி காத்திருக்கும். டி.டி.டி. போன்ற குளோரின் கலந்த மருந்துகள் அந்த உணர்கருவிக்குள் பாயும் எலக்ட்ரான்களைப் பிடித்துக்கொள்ள, அதன் மின்னோட்டம் குறையும். எவ்வளவு குறைகிறதோ, அதிலிருந்து மருந்தின் அளவு தெரியும்.

உழவர் பெருமக்களே, மருந்து தெளித்த தெளிப்பானைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கழுவாதீர்கள். ஒரு கிராம் மருந்துகூட ஒரு கோடி லிட்டர் நீரை அந்த வரம்புக்குக் கொண்டுபோய்விடும்!