கூகுள் மோகத்தை எந்தக் கோலால் அளப்பது?

'இணையம் இல்லாத இடத்தில் இருக்கும்போது எரிச்சல் வருகிறதா?' 'குறைத்துக்கொள்ள நினைத்தும் முடியாமல் போனதுண்டா?' இப்படிக் கேட்டு, 'ஒருபோதும் இல்லை' முதல் 'எப்போதும்' வரை கட்டங்கள் கொடுத்து டிக் அடிக்கச் சொல்வதுதான் உளவியலாளர்களின் வழக்கம். அமெரிக்கரான கிம்பர்லி யங் 1998-இல் வெளியிட்ட இணைய அடிமைத்தனச் சோதனையில் 20 கேள்விகள். உச்ச மதிப்பெண் 100. கைப்பேசி, சமூக ஊடகம், இணையத் தேடல் என்று ஒவ்வொன்றுக்கும் பிறகு வந்த கேள்வித்தாள்களில் பல இதே வழியில் போனவைதாம்.

இந்த முறையைப் பிரிட்டனைச் சேர்ந்த சில ஆய்வாளர்கள் 2020-இல் குறும்பாகச் சோதித்தார்கள். சமூக ஊடக அடிமைத்தனத்தை அளக்கும் கேள்விகளை எடுத்து, சமூக ஊடகம் என்று இருந்த இடங்களில் 'நண்பர்களுடன் நேரில் பொழுதுபோக்குவது' என்று மாற்றிப் போட்டு, 807 பேரிடம் கொடுத்தார்கள். 69 சதவீதம் பேர் நண்பர்களுக்கு 'அடிமை' என்று முடிவு வந்தது! சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் கேள்வி விஷயமுள்ளது: நமக்குப் பிடித்த, அடிக்கடி செய்கிற எதை இந்தத் தாளில் வைத்தாலும் அது நோயாகத் தெரியாதா?

இன்னொரு ஓட்டை, நம் பழக்கம் பற்றி நமக்கே சரியாகத் தெரியாது என்பது. ஒருவர் சொல்லும் திரைநேரமும் கருவியில் பதிவாகும் நேரமும் ஓரளவுக்கே ஒத்துப்போகின்றன என்று, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2021-ஆம் ஆண்டுக் கட்டுரை காட்டியது.

அப்படியானால் வாயைக் கேட்காமல் கையைக் கவனிக்கலாம். அதில் புகழ்பெற்றது பெட்சி ஸ்பாரோ, ஜென்னி லியு, டேனியல் வெக்னர் மூவரும் 2011-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை. வெக்னர் ஏற்கெனவே ஒரு கருத்துக்குப் பேர்போனவர்: கூடி வாழ்பவர்கள் நினைவையும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். உறவுக்காரர் பிறந்தநாளெல்லாம் மனைவி பொறுப்பு, எல்ஐசி பிரீமியம் கட்டும் தேதி கணவர் பொறுப்பு என்பது போல. அந்தக் கூட்டாளியின் இடத்துக்கு இப்போது கணினி வந்துவிட்டதா என்பதுதான் கேள்வி. நெருப்புக்கோழியின் கண் அதன் மூளையைவிடப் பெரிது என்பது போன்ற துணுக்குகளை மாணவர்களைத் தட்டச்சு செய்யச் சொன்னார்கள். 'இது சேமிக்கப்படும்' என்று நம்பியவர்களைவிட, 'அழிந்துவிடும்' என்று நம்பியவர்களுக்கு அவை கூடுதலாக நினைவில் நின்றன.

அதே கட்டுரையின் முதல் சோதனை இன்னும் நுணுக்கமானது. கடினமான கேள்விகளைக் கேட்டதும், வண்ண எழுத்தில் கூகுள், யாகூ போன்ற சொற்களைக் காட்டி அந்த நிறத்தைச் சொல்லச் சொன்னார்கள். மற்ற சொற்களைவிட இவற்றுக்குத் தாமதமானது. மனம் ஏற்கெனவே தேடுபொறியை நினைத்துக்கொண்டிருக்கிறது என்று விளக்கினார்கள். அழகான விளக்கம்தான். ஆனால் 'நேச்சர்', 'சயின்ஸ்' இதழ்களில் வந்த 21 சமூக அறிவியல் சோதனைகளைத் திரும்பச் செய்து பார்த்த, 2018-இல் வெளியான ஆய்வில், அதே முடிவு கிடைத்தது 13-க்குத்தான். கூகுள் சோதனை அந்தப் பதின்மூன்றில் இல்லை.

என் கணக்கில் உருப்படியான அளவுகோல் பெஞ்சமின் ஸ்டார்ம் குழுவுடையது. 2016-இல் ஒரு பிரிவினரைக் கடினமான பொது அறிவுக் கேள்விகளுக்குக் கூகுளில் தேடி விடை சொல்லச் சொன்னார்கள். மறு பிரிவினர் நினைவிலிருந்தே சொல்ல வேண்டும். அடுத்து எளிய கேள்விகள். இம்முறை தேடுவதும் தேடாததும் அவரவர் விருப்பம். முதலில் தேடியவர்களே மறுபடியும் அதிகமாகத் தேடினார்கள். அவர்களில் 30 சதவீதம் பேர் ஒரே ஒரு எளிய கேள்விக்குக்கூடத் தாமாக விடை சொல்லிப் பார்க்கவில்லை. ஒருநாளில் எத்தனை முறை தேடுகிறோம் என்பதைவிட, தெரிந்திருக்கக்கூடியதை யோசித்துப் பார்க்கும் முன்பே கை போகிறதா என்பதை இது பிடிக்கிறது. சார்பு என்றால் அதுதானே?

கேள்வித்தாளில் இது ஏன் சிக்காது என்பதற்கு யேல் பல்கலைக்கழகத்தின் 2015 ஆய்வில் காரணம் இருக்கிறது. 'ஜிப் எப்படி வேலை செய்கிறது?' போன்றவற்றை முதலில் இணையத்தில் தேடியவர்கள், அதற்குச் சற்றும் தொடர்பில்லாத விஷயங்களையும் தங்களால் நன்றாக விளக்க முடியும் என்று தங்களுக்குக் கூடுதல் மதிப்பெண் போட்டுக்கொண்டார்கள். தேடியதில் உபயோகமாக எதுவும் கிடைக்காதபோதும் அப்படியே போட்டார்கள். இணையத்தில் இருப்பதைத் தம் அறிவாகவே எண்ணிக்கொள்பவர், தாம் அதைச் சார்ந்திருப்பதைக் கேள்வித்தாளில் எப்படிச் சொல்வார்?