கிர்காவும் தாராவியும்: ஓர் ஒப்பீடு

நகரங்களில் ஒரு குடும்பம் வீட்டிற்காகச் செய்யும் முழுச் செலவையும் வாடகைச் சீட்டு காட்டுவதில்லை. மும்பை மாநகரின் இரு பகுதிகளை ஒப்பிட்டு நோக்கினால் இவ்வுண்மை விளங்கும்.

தென் மும்பையிலுள்ள கிர்காவ், 'சால்' எனப்படும் பழைய அடுக்குக் குடியிருப்புகளுக்குப் பெயர்பெற்றது. நீண்ட தாழ்வாரம், அதையொட்டி ஒன்றிரண்டு அறைகள் கொண்ட வீடுகள், பொதுக் கழிப்பிடம் என்பதே இவற்றின் பொதுவான அமைப்பு. 1947ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், பழைய வீடுகளின் வாடகையை 1940 செப்டம்பர் மாத அளவில் நிறுத்தியது. இதனால் குடியிருப்போர் பாதுகாப்புப் பெற்றனர். ஆனால், அச்சிறு தொகையைக் கொண்டு கட்டடத்தைப் பழுதுபார்க்க உரிமையாளர்கள் முன்வரவில்லை. புதிதாகக் குடிபுகுவோர், சட்டம் தடுத்திருந்தும், 'பகடி' என்னும் பெருந்தொகையைக் கொடுக்க நேர்ந்தது. நலிந்த கட்டடங்களைக் காக்க 1969இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. அதற்கென வரியும் விதிக்கப்பட்டது. 1999ஆம் ஆண்டுச் சட்டம், ஆண்டுக்கு 4 சதவீத வாடகை உயர்வை அனுமதித்ததுடன் பகடியையும் ஏற்றுக்கொண்டது.

தாராவியின் நிலை வேறு. மாஹிம் ஓடையை அடுத்த சதுப்பு நிலத்தைத் தூர்த்து, சௌராஷ்டிரக் குயவர்களும் திருநெல்வேலியிலிருந்து வந்த தோல் தொழிலாளரும் பிறரும் உருவாக்கிய குடியிருப்பு இது. இங்குப் பெரும்பாலோருக்கு நிலத்தின் மீது பட்டா இல்லை. எனினும் குடிசைக்கு விலையும் உண்டு, வாடகையும் உண்டு. தனி இணைப்பு இல்லாதோர் தண்ணீரையும் விலைகொடுத்தே பெற வேண்டும். ஆயினும், கீழே தொழிற்கூடம், மேலே குடியிருப்பு என்ற அமைப்பினால் பலருக்குப் பட்டறை வாடகையும் போக்குவரத்துச் செலவும் மிச்சமாகின்றன.

ஆக, கிர்காவில் குறைந்த வாடகைக்கு ஈடாகப் பகடியும் கட்டடத்தின் நலிவும் அமைகின்றன. தாராவியில் உரிமையின்மையே அவ்விலையாகும்.

மறுசீரமைப்பின்போது இந்த வேறுபாடு முக்கியத்துவம் பெறுகிறது. தாராவியில் 2000 ஜனவரி 1ஆம் தேதிக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் வசிப்பதாகச் சான்று காட்டுவோருக்கு 350 சதுர அடி வீடு இலவசமாக வழங்கத் திட்டம் வகுக்கப்பட்டுள்ளது. மாடியில் வாடகைக்கு இருப்போருக்கு இந்த இலவச உரிமை இல்லை. வீடு கிடைத்தாலும், குயவரின் சூளையை அடுக்குமாடிக்குக் கொண்டுசெல்ல இயலாது. மின்தூக்கி போன்ற வசதிகளின் பராமரிப்புச் செலவும் என்றேனும் ஒருநாள் குடும்பத்தைச் சேரும்.

எனவே, வீட்டு வசதித் திட்டம் தீட்டுவோர் சதுர அடியுடன் நின்றுவிடாமல், நுழைவுத் தொகை, பழுதுபார்ப்பு, தண்ணீர், போக்குவரத்து, பிழைப்பு ஆகிய ஐந்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். ஏழைக்கு அளிக்கும் வீடு அவனிடம் நிலைத்திருக்க இதுவே வழி.