தலைக்கணக்கில் உண்டு, வெட்டுப்புள்ளியில் இல்லை

சாதாரண தரப் பெறுபேறு வந்ததும் கண்டி நகரின் மதில்களில் புதிய டியூஷன் போஸ்டர்கள் ஏறிவிடும். பயோ, மெட்ஸ், கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ். "சேர், புள்ளைய பயோவுல போடவா, மெட்ஸ்ல போடவா?" என்று ஆசிரியர்களைச் சுற்றிவரும் பெற்றோருக்கு, "பிள்ளைக்கு எதில் விருப்பமோ அதில் போடுங்கள்" என்ற பதில்தான் வழக்கமாகக் கிடைக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மலையகத்துப் பெற்றோர் அதற்கு முன்பே ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: பிள்ளை உயர்தரம் படிக்கப்போகும் பாடசாலை எந்த மாவட்டத்தில் இருக்கிறது?

விஞ்ஞானப் பிரிவுகளின் பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் தீவளாவிய திறமைக்கு. 55 வீதம் சனத்தொகைப்படி மாவட்டங்களுக்கு. மிச்சம் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக. அந்தப் பின்தங்கிய பட்டியலில் நுவரெலியா இருக்கிறது, கண்டி இல்லை. புசல்லாவை கண்டி மாவட்டம். அதே வீதியில் மேலே ஏறினால் வரும் இறம்பொடை நுவரெலியா மாவட்டம். நாவலப்பிட்டி இந்தப் பக்கம், கினிகத்தேனை அந்தப் பக்கம். இரண்டு பக்கமும் அதே தேயிலை, அதே லயம், அதே நாட்சம்பளம். மருத்துவ பீட வெட்டுப்புள்ளி மட்டும் வேறு.

கண்டி ஏன் பின்தங்கவில்லை? நகரத்தில் பெயர்பெற்ற பாடசாலைகள் நிறைய. வார இறுதியில் அங்குள்ள டியூஷன் வகுப்புகளில் உட்கார இடம் கிடையாது. பக்கத்திலேயே பேராதனைப் பல்கலைக்கழகம். மாவட்டத்தின் சராசரி நன்றாகத்தான் இருக்கும். அந்தச் சராசரிக்குள் தெல்தோட்டை, கலஹா, மடுல்கலைத் தோட்டங்களும் அடங்கிப்போகின்றன. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை நட்ட லூல்கந்துரவும் இதே மாவட்டம்தான். தேயிலை அங்கே போய்ச் சேர்ந்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. தமிழ்மொழி மூல இரசாயனவியல் ஆசிரியர் போய்ச் சேர்ந்தபாடில்லை என்று அந்தப் பக்கத்து மக்கள் சொன்னால் சிரிப்பதா, அழுவதா?

என் மனதை உறுத்துவது அந்த 55 வீதம். 2012 குடிசன மதிப்பீட்டில் கண்டி மாவட்டத்தில் 13 இலட்சத்து 75 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். அவர்களில் இந்திய வம்சாவளித் தமிழர் ஏறத்தாழ 6 வீதம். மாவட்டத்துக்கு இடம் பிரிக்கும்போது தோட்டத்து ஒவ்வொரு தலையும் கணக்கில் சேர்கிறது. அவர்களையும் எண்ணித்தான் கண்டிக்கு இத்தனை மருத்துவ இடம், இத்தனை பொறியியல் இடம் என்று வருகிறது. வந்த இடங்களைப் பிடிப்பதற்கோ தோட்டத்துப் பிள்ளை நகரத்துப் பிள்ளையோடு ஒரே வெட்டுப்புள்ளியில் மோத வேண்டும். தலை இங்கே, இடம் அங்கே.

மோதுவதற்குக்கூட முதலில் விஞ்ஞானப் பிரிவு வேண்டும். அது 1 ஏபி பாடசாலையில்தான் உண்டு. 1 சி என்றால் கலையும் வர்த்தகமும்தான். அருகில் இருப்பது 1 சி என்றால் "விருப்பம்" என்ற பேச்சு அத்தோடு முடிந்தது. 1 ஏபி கிடைத்தாலும் பௌதிகவியலுக்கு ஆள் இல்லையென்றால், பிள்ளையை விவசாய விஞ்ஞானத்துக்கு மாற்றிவிடுவது சுலபம். "அது லேசு, புள்ளி வரும்" என்று ஆறுதலும் சொல்வார்கள். இந்த ஆறுதலை நம்பாதீர்கள். 2001 முதல் நடைமுறையில் உள்ள இஸட் புள்ளி, ஒரு பாடத்தில் மற்றவர்களின் சராசரியிலிருந்து நீங்கள் எவ்வளவு தள்ளி நிற்கிறீர்கள் என்பதையே அளக்கிறது. எல்லோரும் 80 எடுக்கும் பாடத்தில் 80 எடுத்து ஆவது ஒன்றுமில்லை. அதைவிடப் பெரிய நட்டம் வேறு: பௌதிகவியலை விட்டால் மருத்துவ பீடக் கதவு அடைபட்டுவிடும். விவசாயம் சார்ந்த பட்டங்கள் இருக்கின்றன, அவை நல்ல பட்டங்களே. ஆனால் எந்தக் கதவை அடைக்கிறோம் என்று தெரிந்து அடைக்க வேண்டும். மெட்ஸ் பக்கமும் இப்படித்தான். இரசாயனவியலுக்குப் பதிலாகத் தகவல் தொழில்நுட்பம் எடுத்தால் கணினி சார்ந்த பட்டங்களுக்குப் போகலாம், பொறியியல் பீடத்துக்குப் போக முடியாது. பதினாறு வயதில், ஆசிரியர் வெற்றிடம் ஒன்றின் காரணமாக, இந்த முடிவு எடுக்கப்படுகிறது.

ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துக் கெட்டிக்காரப் பிள்ளைகளை உயர்தரத்துக்குக் கண்டி நகரத்துக்கு அனுப்பும் ஆசை பலருக்கு உண்டு. நல்ல ஆசிரியர், நல்ல ஆய்வுகூடம், நல்ல வகுப்பு. ஆனால் மாவட்டம் தீர்மானமாவது வீட்டு முகவரியை வைத்தல்ல. எந்த மாவட்டப் பாடசாலையில் எவ்வளவு காலம் படித்தார் என்பதை வைத்து. கண்டிக்கு வந்த பிள்ளை ஆசிரியரைப் பெற்று நுவரெலியா வெட்டுப்புள்ளியை இழக்கக்கூடும். விடுதிக் கட்டணம் கட்டுமுன் அந்த விதியை ஒரு தடவை எழுத்தில் வாசித்துவிடுங்கள். தீவளாவிய 40 வீதத்துக்குள் வரக்கூடிய பிள்ளைக்கு இந்தக் கவலை இல்லை. அப்படிப்பட்ட பிள்ளைகள் எந்த ஊரிலும் சிலரே.

மாவட்டத்துக்குள்ளும் இடங்களைப் பிரிக்கத் தொடங்கினால் அதற்கு முடிவே இராது, பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் ஏற்படுத்திய பழைய காயம் போதாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இருக்கட்டும். நான் இப்போது கேட்பது ஒதுக்கீடுகூட அல்ல, ஒரு கணக்கு. பரீட்சை எழுதும் ஒவ்வொருவரின் பாடசாலையும் பதிவில் இருக்கிறது. அந்தப் பாடசாலை 1 ஏபியா, 1 சியா, தோட்டத்திலா, நகரத்திலா என்பதும் பதிவில் இருக்கிறது. கண்டி மாவட்டத்துக்குக் கிடைத்த மருத்துவ, பொறியியல் இடங்களில் தோட்டப் பாடசாலைகளுக்குப் போனவை எத்தனை என்று, வெட்டுப்புள்ளி வெளியாகும் அதே நாளில், அதே தாளில், ஒரு வரி சேர்த்துப் போடட்டும்.